15 மணி நேர ஓபராவும் கூடவே வரும் ஆவணப்படமும்: மெட் ‘ரிங்’ பெட்டி வாங்கலாமா?

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘ரிங்’ என்பது நான்கு ஓபராக்கள் சேர்ந்த ஒரே கதை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா (சுருக்கமாக மெட்) மேடையேற்றிய அந்த நான்கு பாகங்களையும் சேர்த்து டாய்ச்ச கிராமோஃபோன் இசைப்பதிவு நிறுவனம் 2012ல் ஒரு பெட்டி போட்டது. டிவிடி என்றால் 8 வட்டு, ப்ளூரே என்றால் 5. நான்கு ஓபராக்களும் கிட்டத்தட்ட 15 மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ‘வாக்னர்ஸ் ட்ரீம்’ என்று இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓர் ஆவணப்படம். பொதுவாக இந்த மாதிரிப் பெட்டிகளில் இனாமாக வரும் ‘மேக்கிங்’ வீடியோவை யாரும் பார்ப்பதில்லை, எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். இந்தப் பெட்டியில் ஆவணப்படம்தான் முதல் தரம். ஓபரா பதிவில் அசத்தும் இடங்களும் ஏமாற்றும் இடங்களும் மாறி மாறி வருகின்றன. பாடகர்களைக் குறை சொல்ல முடியாது, இசைக்குழுவும் அபாரம். கேமராவை யார் இயக்கினார்கள், அவர்கள் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பதைத் தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தப் பெட்டியே பிடிபட்டது. அதனால் அவர்களைப் பற்றிப் பேசாமல் இதை விமர்சிக்க முடியாது.

ஓபரா பக்கம் அதிகம் போகாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இந்த ‘ரிங்’கை மேடையில் இயக்கியவர் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ரொபேர் லெபாஜ். மேடை முழுக்க ஒரே ஓர் இயந்திரம், 24 நீளப் பலகைகள் ஓர் அச்சில் கோர்த்தது, ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகச் சுழலும். 45 டன் எடை. மேடையின் தளம் அதைத் தாங்காது என்று அடியில் இரும்பு உத்தரம் கொடுத்துப் பலப்படுத்த வேண்டியிருந்தது. அந்தப் பலகைகள்தான் ஆற்றின் அடிப்பகுதி, அவைதான் காடு, மலை, குதிரை எல்லாம். மேலே வீடியோ படங்கள் விழும், அதுவும் சும்மா விழாது, பாடுபவர்களின் அசைவுக்கும் குரலுக்கும் ஏற்ப மாறும். ரைன் நதிக் கன்னியர் கம்பியில் தொங்கிக்கொண்டு பாடும்போது அவர்களைச் சுற்றிக் குமிழி கிளம்புவதும், அவர்கள் நகர்ந்தால் கூழாங்கற்கள் சரிவதும் அப்படித்தான்.

முதலில் ஆவணப்படம். எடுத்தவர் சூசன் ஃப்ரோம்கி. இவர் மேசல்ஸ் சகோதரர்களின் பட்டறையில் வளர்ந்தவர். ஆல்பர்ட், டேவிட் மேசல்ஸ் இருவரும் அமெரிக்காவில் நேரடி சினிமா என்ற பாணியைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள். பின்னணிக் குரல் கொடுத்து விளக்க மாட்டார்கள், நடிக்கச் சொல்ல மாட்டார்கள், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவரோடு நாள்கணக்கில் இருப்பார்கள், நடப்பது நடக்கட்டும் என்று விடுவார்கள். 1975ல் வந்த ‘கிரே கார்டன்ஸ்’ படத்தில் ஃப்ரோம்கி இணைத் தயாரிப்பாளர். அங்கிருந்து தொடங்கி ஒரு பக்கம் இசைக் கலைஞர்கள், இன்னொரு பக்கம் சாதாரண மனிதர்களின் கஷ்டம் என்று இரண்டு தண்டவாளத்திலும் ஓடிய வாழ்க்கை அவருடையது. ஹோரோவிட்ஸ், ஒசாவா, கரயான், ரோஸ்த்ரோபோவிச் இவர்களைப் பற்றிய படங்களில் எல்லாம் அவர் கை இருக்கிறது. அதே ஆள்தான் மிசிசிப்பி டெல்டாவில் பருத்தித் தொழில் போன பிறகு ஒரு கறுப்பினப் பாட்டி தன் பேரப்பிள்ளைகளையும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு படும் பாட்டை ‘லாலீஸ் கின்’ என்று 2001ல் இன்னும் இருவரோடு சேர்ந்து எடுத்தார், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. ‘வாக்னர்ஸ் ட்ரீம்’ வந்த அதே 2012ல் அமெரிக்க மருத்துவ அமைப்பைப் பற்றி ‘எஸ்கேப் ஃபயர்’ என்ற படத்தையும் மாத்யூ ஹைன்மனோடு சேர்ந்து இயக்கினார்.

இதை எல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், ‘வாக்னர்ஸ் ட்ரீம்’ ஓர் ஓபரா நிறுவனத்தின் விளம்பரப் படமாக முடியாமல் தப்பியதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். மெட்டின் ஒத்துழைப்போடு எடுத்த படம் இது. உள்ளே விட்டவர்களுக்கு நன்றிக்கடனாக நாலு நல்ல வார்த்தை பேசும் படமாக ஆகியிருக்கலாம். ஆனால் இயந்திரம் நின்றுபோகும் இடம் எல்லாம் படத்தில் இருக்கிறது. 2010 செப்டம்பர் 27, நான்கில் முதல் ஓபராவான ‘ரைன்கோல்ட்’ முதல் இரவு. ஓபராவின் கடைசிக் கட்டத்தில் தெய்வங்கள் வானவில் பாலத்தில் ஏறி வல்ஹாலா கோட்டைக்குள் போக வேண்டும், இரண்டரை மணி நேரமாக இசை அதற்குத்தான் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. பலகைகள் திரும்பவில்லை. பாலம் அமையவில்லை. பாடகர்கள் மேடையைவிட்டு ஓரமாக வெளியே போக, கீழே இசைக்குழு மட்டும் வெற்றி முழக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி ஒரு கணத்தில் வேறு இயக்குநராக இருந்தால் பின்னணியில் பதற்றமான இசை போட்டிருப்பார், இல்லை உடனே ஒரு பேட்டிக்கு வெட்டியிருப்பார். ஃப்ரோம்கி மேடைக்குப் பின்னால் நிற்பவர்களின் முகங்களோடு இருக்கிறார், அவ்வளவுதான். வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பார்க்கும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் டெபோரா வாய்ட். தெய்வங்களின் தலைவன் வோட்டானின் மகளான பிரூன்ஹில்டே பாத்திரத்தை முதன்முறையாக ஏற்கிறார், உச்சக்குரல் பாடகியான எந்த சோப்ரானோவுக்கும் உச்சமான பாத்திரம், அதை இந்தச் சாய்ந்து நகரும் பலகைகள் மேல் ஏறி நின்று பாட வேண்டும். ஒத்திகையில் அவர் அந்தச் சரிவைப் பார்க்கும் பார்வையில் தயக்கம் அப்பட்டமாகத் தெரிகிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை. 2011 ஏப்ரலில் இரண்டாவது ஓபராவான ‘வால்க்யூரே’ முதல் இரவு, ‘ஹோயோட்டோஹோ’ என்று போர்க்குரல் எழுப்பிக்கொண்டே நுழைய வேண்டிய இடத்தில் கால் இடறிச் சறுக்கிக் கீழே வந்துவிடுகிறார். எழுந்து சிரித்துவிட்டுப் பாடுகிறார். ஒத்திகையில் அவருடைய பயத்தை முன்னாலேயே நமக்குப் பொறுமையாகக் காட்டி வைத்ததால்தான் அந்தச் சிரிப்பின் விலை நமக்குத் தெரிகிறது. ஆவணப்படத் தொகுப்பு என்றால் இதுதான்.

டெக்சாஸில் இருந்து வந்த ஜே ஹன்டர் மோரிஸ் கதை படத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மூன்றாவது ஓபராவான ‘சீக்ஃப்ரீட்’டில் நாயகன் சீக்ஃப்ரீடாகப் பாட வேண்டியவருக்கு உடம்பு முடியாமல் போக, மாற்றாள் வரிசையில் இருந்த இவருக்கு அரங்கேற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் வாய்ப்பு வருகிறது. ஐந்து மணி நேர ஓபரா, தொண்டையைக் கிழிக்கும் பாத்திரம். மனுஷன் முகத்தில் பயமும் சந்தோஷமும் ஒன்றாக இருக்கும். என் வீட்டில் ஓபரா பக்கமே வராத என் அண்ணன் இந்தப் படத்தை நடுவில் எழுந்து போகாமல் பார்த்தார், மோரிஸ் வந்த பிறகு சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

குறை என்றால் ஒன்று உண்டு. லெபாஜின் யோசனை சரியா, இவ்வளவு பணமும் எடையும் வாக்னருக்குத் தேவையா என்ற கேள்வியைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தச் சண்டை அப்போது பத்திரிகைகளில் கடுமையாக நடந்தது. படத்தில் அதன் நிழல்தான் இருக்கிறது. உள்ளே இருந்து எடுக்கிற படத்துக்கு அது ஓர் எல்லை, நான் அதை மன்னிக்கத் தயார்.

சரி, ஓபரா பதிவுக்கு வருவோம். மெட் 2006 டிசம்பர் 30 முதல் ‘லைவ் இன் எச்டி’ என்று சனிக்கிழமை மதியக் காட்சிகளை உலகம் முழுக்க சினிமா தியேட்டர்களுக்கு நேரடியாக அனுப்புகிறது. இந்தப் பெட்டியில் இருப்பவை அந்த வரிசையில் 2010 அக்டோபருக்கும் 2012 பிப்ரவரிக்கும் இடையில் போன காட்சிகள். இதைத் தொடங்கிவைத்த பீட்டர் கெல்ப் யார் என்று பார்த்தால், அவரும் படத் தயாரிப்பில் இருந்து வந்தவர்தான். பியானோ மேதை ஹோரோவிட்ஸின் மேலாளராக இருந்தவர், மேசல்ஸ் குழுவோடு சேர்ந்து இசை ஆவணப்படங்களைத் தயாரித்தவர், சோனி கிளாசிக்கல் நிறுவனத்தை நடத்தியவர், 2006ல் மெட்டின் பொது மேலாளர் ஆனார். அதாவது 80களில் ஹோரோவிட்ஸ் வீட்டில் ஒன்றாகப் படம் எடுத்த கெல்பும் ஃப்ரோம்கியும்தான் பிற்பாடு இந்தப் பெட்டியிலும் சேர்ந்திருக்கிறார்கள். இவ்வளவு தடைகளையும் வெளியே காட்ட ஒரு பொது மேலாளர் சம்மதித்தார் என்றால் அந்தப் பழைய நம்பிக்கை அதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

‘ரைன்கோல்ட்’, ‘வால்க்யூரே’ இரண்டுக்கும் கேமரா இயக்கம் கேரி ஹால்வர்சன். பெயர் கேள்விப்படாதவர்கள்கூட அவர் வேலையைப் பார்த்திருப்பார்கள், ‘ஃப்ரெண்ட்ஸ்’ நகைச்சுவைத் தொடரின் (சிட்காம்) நிறைய எபிசோடுகள் அவர் இயக்கியவை. நியூயார்க் ஜூலியார்டில் பியானோ படித்தவர். சிட்காம் இயக்குநருக்கு வாக்னரோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு, எனக்கோ இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு கிடைக்காது என்று படுகிறது. பல கேமரா, எதிரில் உட்கார்ந்திருக்கும் நிஜப் பார்வையாளர்கள், ஒரு வசனம் விழும்போது பேசுபவர் முகத்தில் இருப்பதா கேட்பவர் முகத்துக்குப் போவதா என்று நொடியில் முடிவெடுப்பது, இதுதானே சிட்காம்? ஓபரா ஒளிபரப்பிலும் இயக்குநர் அரங்கத்துக்கு வெளியே நிற்கும் வண்டியில் திரை வரிசைக்கு முன் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒருவர் இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே வரப்போவதை எண்ணிச் சொல்வார், இவர் கேமரா எண்ணைக் கூப்பிடுவார். முந்தைய காட்சி ஒன்றை ஒத்திகைக்காகப் பதிவு செய்து பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். நேரலை அன்று மறுபடி எடுக்க முடியாது.

அந்தப் பயிற்சி எங்கே பலன் தருகிறது என்று பார்க்க ‘வால்க்யூரே’ இரண்டாம் அங்கத்தின் தொடக்கம் போதும். ஃப்ரிக்காவாக ஸ்டெஃபனி ப்ளைத், செம்மறிக்கடாத் தலை வைத்த இருக்கையில் உட்கார்ந்தபடி கணவன் வோட்டானை (பிரின் டெர்ஃபெல்) கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். புராணம், தெய்வம் எல்லாம் ஒதுங்கிப்போய் அது ஒரு வீட்டுச் சண்டை ஆகிவிடுகிறது. ஹால்வர்சன் அடிக்கடி பாடாத ஆளின் முகத்துக்குப் போகிறார். டெர்ஃபெல் ஒரு வார்த்தை பாடாமலே தோற்றுக்கொண்டிருப்பது தெரிகிறது. தியேட்டரில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு இது கிடைத்திருக்காது. முதல் அங்கத்தில் யோனாஸ் காஃப்மனும் ஏவா மரியா வெஸ்ட்புரூக்கும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் கட்டமும் அப்படியே, நெருக்கக் காட்சிகளால் பல மடங்கு உயர்ந்துவிட்டது. இந்த ஒரு அங்கத்துக்காகவே வட்டைத் திரும்பத் திரும்பப் போடலாம்.

ஆனால் இயந்திரம்? இங்கேதான் எனக்குக் குறை. 24 பலகையும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் உருவமாக மாறும்போதுதான் அதன் அழகு. முகத்தை மட்டும் காட்டினால் பின்னால் ஏதோ சாம்பல் நிறச் சுவர் தெரியும், அவ்வளவுதான். தெருக்கூத்துக்குப் போய் கட்டியங்காரன் முகத்தை மட்டுமே விடிய விடியப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. ரைன் கன்னியர் காட்சியில் குமிழிகள் பாட்டுக்கு ஏற்பக் கிளம்புவது புரிய வேண்டுமென்றால் மூவரையும் தண்ணீரையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டும், படம் அதற்குள் ஒருத்தியின் தோளுக்குப் போய்விடுகிறது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. குள்ளர்களின் பாதாள உலகமான நீபல்ஹைமுக்கு இறங்கும்போது பலகைகள் முறுக்கிக்கொண்டு மேலிருந்து பார்க்கும் படிக்கட்டாக மாற, கம்பியில் தொங்கும் மாற்று ஆட்கள் பக்கவாட்டில் நடக்கிறார்களே, அதை முழுசாகக் காட்டுகிறார், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ‘வால்க்யூரே’ கடைசியில் தீ சூழ்ந்த பாறையில் பிரூன்ஹில்டே தலைகீழாகத் தொங்கும் உருவமும் தப்பித்தது. இடைப்பட்ட நீண்ட கட்டங்களில்தான் பதற்றம், நாலு நொடி அசையாமல் இருந்தால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார் என்பது போல.

மேடையைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற சண்டை மெட் ஒளிபரப்பில் புதிதல்ல. 2008 மார்ச்சில் வாக்னரின் இன்னொரு ஓபராவான ‘டிரிஸ்டன்’ நேரலையைக் கனடாவின் பார்பரா வில்லிஸ் ஸ்வீட் இயக்கினார். டொரோண்டோவின் ராம்பஸ் மீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவர், இசை, நடனப் படங்களில் பெயர் வாங்கியவர். திரையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல கோணங்களைக் காட்டினார். நிறையப் பேருக்குக் கோபம். எனக்கு அது முழுக்கப் பிடிக்கவில்லை என்றாலும் மதிப்பு உண்டு. மேடையில் இரண்டு பேர் மணிக்கணக்கில் நின்றபடி பாடும் ஓபராவைத் திரையில் என்ன செய்வது என்று அவர் உண்மையாகவே யோசித்திருக்கிறார்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெயர்: பிரையன் லார்ஜ். நீங்கள் ‘ரிங்’ பதிவு ஒன்றே ஒன்றுதான் வாங்குவதாக இருந்தால் மெட் பெட்டியை விட்டுவிட்டு, ஜெர்மனியில் வாக்னர் தன் ஓபராக்களுக்கென்றே அரங்கம் கட்டிய பைராய்ட் ஊரின் பதிவை வாங்குங்கள் என்று சொல்வதற்கு இவர்தான் காரணம். லண்டன்காரர், இசையில் டாக்டர் பட்டம், செக் இசையமைப்பாளர்கள் ஸ்மெதனா பற்றியும் மார்ட்டினூ பற்றியும் புத்தகம் எழுதியவர், 60களில் பிபிசியில் சேர்ந்து ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ஓபராக்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர். 1990ல் ரோம் நகரில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் பாடிய கச்சேரியை உலகமே பார்த்ததே, அதைப் படம்பிடித்ததும் இவர்தான். 1992ல் புச்சினியின் ‘டோஸ்கா’ ஓபராவைக் கதை நடக்கும் ரோம் நகரின் அதே தேவாலயம், அதே அரண்மனை, அதே கோட்டையில், கதையில் வரும் அதே நேரங்களில் நேரலையாக ஒளிபரப்பினார்களே, அதன் தொலைக்காட்சி இயக்கமும் லார்ஜ். சுபின் மேத்தா இசைக்குழுவோடு வேறோர் இடத்தில் இருந்து நடத்த, பாடகர்கள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். நினைத்தாலே வியர்க்கும் வேலை.

பைராய்ட் ‘ரிங்’ 1976ல் பத்ரீஸ் ஷேரோ இயக்கி, பியர் பூலேஸ் இசைக்குழுவை நடத்தியது. ரைன் நதியை ஓர் அணைக்கட்டாக மாற்றிய தயாரிப்பு. முதல் வருடம் விசில், கூச்சல், அரங்கத்துக்குள் கைகலப்பு. 1980ல் கடைசிக் காட்சி முடிந்தபோது ஒன்றரை மணி நேரம் நெருங்கக் கைதட்டினார்கள். லார்ஜ் 1979, 1980 இரண்டு கோடையிலும் பார்வையாளர்கள் இல்லாத அரங்கத்தில் அங்கம் அங்கமாகப் படம்பிடித்தார். ஹால்வர்சனுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், நேரலையும் ஆளில்லாத அரங்கமும் ஒன்றல்ல.

‘வால்க்யூரே’யின் அதே இரண்டாம் அங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிக்கா போன பிறகு வோட்டான் தன் மகளிடம் மனதைத் திறக்கும் நீண்ட தனிப்பாட்டு. மேடை நடுவில் பெரிய ஊசல் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. டொனால்ட் மெக்கின்டையர் கண்மறைப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி தொடங்குகிறார். இசை அடங்கிக் கிடக்கிறது, கிட்டத்தட்ட முணுமுணுப்பு. லார்ஜ் அவசரப்படவே இல்லை. கண்ணாடி, முகம், ஊசல் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வருவதும் விலகுவதுமாக விடுகிறார். ‘முடிவு’ என்ற சொல் வரும்போது வோட்டான் கையால் ஊசலை நிறுத்துகிறார். அதுவரை ஊசல் ஆடுவதை நாம் மறந்தே போயிருப்போம், நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் ஆடியது உறைக்கிறது. ஊசலை அடிக்கடி தனியாக வெட்டிக் காட்டியிருந்தால் இது நடக்காது. இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் எங்கே வெட்டக் கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறார். கடைசி ஓபராவின் முடிவில் மேடையில் இருக்கும் கூட்டம் மெல்லத் திரும்பிப் பார்வையாளர்களை நேருக்கு நேர் பார்க்கும், அந்த முகங்களையும் அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறார்.

மெட்டுக்கே இந்த மரபு உண்டு. ‘லைவ் ஃப்ரம் தி மெட்’ என்ற தொலைக்காட்சி வரிசையின் முதல் நேரலை 1977 மார்ச் 15ல் போன ‘லா போயம்’, பவரோட்டியும் ரெனாட்டா ஸ்கோட்டோவும் பாடியது. கேமரா இயக்கம் கிர்க் பிரவுனிங். இவர் கதை வேடிக்கையானது. கனெக்டிகட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர், முட்டை வாங்கியவர்களில் ஒருவர் என்பிசி தொலைக்காட்சியின் இசைப் பொறுப்பாளர், அந்தப் பழக்கத்தில் வேலைக்குப் போய், 1951ல் தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஓபராவான ‘அமால்’ ஒளிபரப்பை இயக்கும் அளவுக்கு வளர்ந்தார். இந்தத் தொழிலுக்கு நேர்வழி கிடையாது என்பதற்கு இவரைவிட ஆள் வேண்டாம்.

ஆவணப்படத்தின் பக்கம் ‘வாக்னர்ஸ் ட்ரீம்’ பிடித்தவர்கள் அடுத்து தேட வேண்டியது ஜான் எல்ஸ் எடுத்த ‘சிங் ஃபாஸ்டர்’. சான் ஃபிரான்சிஸ்கோ ஓபராவின் ‘ரிங்’கை முழுக்க முழுக்க மேடைப் பணியாளர்களின் கண்ணால் சொல்லும் ஒரு மணி நேரப் படம், 1999ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் விருது வாங்கியது. எல்ஸ் அணுகுண்டு செய்தவர்களைப் பற்றி ‘தி டே ஆஃப்டர் டிரினிட்டி’ எடுத்தவர். பணியாளர்கள் ஓய்வறையில் செக்கர்ஸ் ஆடும் காட்சியில் மூலையில் இருக்கும் டிவியில் நாலரை நொடி ‘சிம்ப்சன்ஸ்’ ஓடும். படைத்தவர் மாட் க்ரோனிங் சரி என்றார், உரிமை வைத்திருந்த ஃபாக்ஸ் 10,000 டாலர் கேட்டது. எல்ஸிடம் அவ்வளவு பணம் இல்லை, அந்த டிவிக்குள் தன்னுடைய அணுகுண்டு படத்தில் இருந்தே ஒரு துண்டை ஒட்டிவிட்டார். ஆவணப்படம் எடுப்பவர்கள் எதோடு எல்லாம் போராட வேண்டியிருக்கிறது என்று யோசித்தால் மனசு கனக்கிறது. ஃப்ரோம்கிக்கு மெட் வாசலைத் திறந்துவிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் அப்போதுதான் புரியும்.

ஃப்ரோம்கியே மெட் பற்றி இன்னும் இரண்டு படங்கள் எடுத்திருக்கிறார். 2009ல் வந்த ‘தி ஆடிஷன்’ இளம் பாடகர்களுக்கான போட்டி. 2007 இறுதிச் சுற்றில் இருந்த ஏஞ்சலா மீட், ஜேமி பார்ட்டன், மைக்கேல் ஃபாபியானோ எல்லாரும் இன்று பெரிய பெயர்கள், பெயர் தெரியாத காலத்தில் அவர்கள் உதறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வென்றவர்களில் ஒருவரான ரயன் ஸ்மித் அடுத்த வருடமே புற்றுநோயில் போய்விட்டார், அது தெரிந்து பார்க்கும்போது அவர் வரும் இடங்கள் கலங்க வைக்கின்றன. 2017ல் வந்த ‘தி ஓபரா ஹவுஸ்’ 1966ல் லிங்கன் சென்டரில் புது மெட் திறந்த கதை. அன்றிரவு ‘ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா’வில் பாடிய லியொன்டீன் பிரைஸ் 90 வயதை ஒட்டிய நிலையில் உட்கார்ந்து பேசுகிறார், அந்த உற்சாகத்துக்காகவே பார்க்கலாம். அந்தக் கட்டடத்துக்காக இடிக்கப்பட்ட சான் ஹுவான் ஹில் குடியிருப்பைப் பற்றியும் பேசுகிறது படம்.

வாங்குவது பற்றி. பெட்டியாக வாங்கினால் ப்ளூரேதான் நல்லது, இருட்டான காட்சிகள் அதிகம், டிவிடியில் பலகைகளின் விளிம்பு சேறாகிவிடுகிறது. இயந்திரம் கிரீச்சிடும் சத்தம் அமைதியான இடங்களில் பதிவிலும் கேட்கிறது, அது உங்கள் ஸ்பீக்கர் கோளாறு இல்லை. பெட்டி வேண்டாம் என்பவர்களுக்கு மெட்டின் சொந்த இணையச் சேவையில் மாதம் சுமார் 15 டாலர் சந்தாவில் இந்த நான்கு ஓபராக்களும் இன்னும் நூற்றுக்கணக்கான பழைய ஒளிபரப்புகளும் உண்டு. வசனவரி ஆங்கிலத்தில் கிடைக்கும், தமிழில் இல்லை. ‘ரிங்’ முழுவதையும் ஒரு முறை மட்டும் பார்க்க நினைப்பவருக்கு ஒரு மாதச் சந்தா போதும்.

பார்க்கும் வரிசை: முதலில் ஆவணப்படம். அடுத்து நேராக ‘வால்க்யூரே’ முதல் இரண்டு அங்கங்கள், பிறகு திரும்பிப் போய் ‘ரைன்கோல்ட்’. ‘சீக்ஃப்ரீட்’டை ஒரே மூச்சில் பார்க்க முயல வேண்டாம். பைராய்ட் பதிவை பிபிசி 1982ல் வாரம் ஓர் அங்கமாகத்தான் போட்டது, அந்த வேகத்தில் பார்த்தால் மோரிஸின் குரல் மூன்றாம் அங்கத்தில் எவ்வளவு தெம்பாக நிற்கிறது என்பது களைப்பில்லாமல் காதில் விழும்.